நாடகப் பாட்டும் பிடிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வயலின் வகுப்பு நடத்துகிறேன். என் தாத்தா நாடகத்துக்குப் பிடில் வாசித்தவர். அவர் விட்டுப்போன பாட்டுப் புத்தகங்களிலிருந்து அவ்வப்போது ஒரு பாட்டை எடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அது வெளியே தெரிந்ததிலிருந்து பெற்றோர்கள், கூத்து பார்க்கிறவர்கள், புதுச்சேரியிலிருந்து வரும் நாடகத் துறை மாணவர்கள் என்று பலரும் வந்து கேட்கிறார்கள். கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வயலினைப் பல இடங்களில் பிடில் என்றே எழுதுவேன். நாடகக்காரர்கள் வாயில் அது பிடில்தான்.

நாடகப் பாட்டு என்றால் எது? பழைய சினிமாப் பாட்டா?

இல்லை. மேடையில் ஒரு பாத்திரம் தன் வாயால் பாடுகிற பாட்டு. ராஜா தர்பாருக்கு வருவது, வள்ளி தினைப்புனத்தில் கிளி ஓட்டுவது, நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்வது, மயானத்தில் சந்திரமதி பிள்ளையை மடியில் போட்டு அழுவது, எல்லாமே பாட்டாகத்தான் வரும்.

வகுப்பில் நாங்கள் மூன்று இடங்களிலிருந்து எடுக்கிறோம். 18ஆம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் செய்த இராம நாடகக் கீர்த்தனைகள், 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் செய்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள், அப்புறம் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள். நந்தனார் முதலில் கதாகாலட்சேபத்துக்காகப் பிறந்தது, பிறகுதான் மேடை ஏறியது. அது அச்சில் வர உதவியவர் காரைக்காலில் இருந்த சீசையா என்ற பிரெஞ்சு அதிகாரி. நந்தன் போகத் துடித்த சிதம்பரம் இன்று எங்கள் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டு எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டு மாதிரி.

இதில் புதுச்சேரிக்கு என்ன பங்கு?

பெரிய பங்கு. சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னால் பெயர்பெற்ற நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்ற பிள்ளைகள். சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று காலமானது புதுச்சேரியில். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் வந்து மாலை போட்டு, அங்கேயே நின்று பாடுவார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. பிள்ளைகளை ஒரு முறையாவது அழைத்துப் போய்விடுவேன். தாங்கள் வாசிக்கிற பாட்டை எழுதியவர் இங்கே இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அவர்கள் வில்லைப் பிடிக்கிற விதமே மாறுகிறது.

நாடகம் என்றால் ஆர்மோனியம்தானே? பிடில் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, நியாயமும்கூட. ஸ்பெஷல் நாடகத்துக்கு, அதாவது நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து ஒரு ராத்திரிக்குச் சேர்த்துப் போடுகிற நாடகத்துக்குப் போனால், காலால் மிதிக்கிற ஆர்மோனியம், மிருதங்கம் அல்லது டோலக், பக்கத்தில் பலவகை ஒலி எழுப்பும் தாளக் கருவிகளை வாசிக்கிற ஆல்ரவுண்ட். பிடிலைப் பார்க்க முடியாது.

பிடில் நம் சங்கீதத்துக்குள் வந்தது ஆர்மோனியத்துக்கு முன்னால். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வர் எனப்படும் இசை, நாட்டிய வித்துவான்களான சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதை நம் பாட்டுக்கு வசப்படுத்தினார்கள். ஆர்மோனியம் 1840இல் பாரிசில் காப்புரிமை பெற்ற பெட்டி. அது பார்சி நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராக வந்து, தமிழ் மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்துவிட்டது.

ஏன் உட்கார்ந்தது என்பதை ஒரு ராத்திரி மேடையில் இருந்தால்தான் புரியும். சில வருடங்களுக்கு முன் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம். பெட்டி வாசித்த பெரியவர் என் தாத்தாவை அறிந்தவர், "நீயும் வந்து பக்கத்தில் உட்காரப்பா" என்று கூப்பிட்டார். பத்து மணிக்குச் சுருதி சேர்த்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கடல் காற்று ஏறியது. வில்லில் குதிரை மயிர் தளர்ந்து, அதில் தடவுகிற ரோசின் பிசின் ஒட்டவில்லை, ஒலி வழுக்கியது. இரண்டு மணிக்கு மூன்றாவது தந்தி இறங்கிவிட்டது. தர்க்கம் உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகிக்கொண்டிருக்க முடியுமா? பெரியவர் பெட்டியில் ஒரு கட்டையின் சுருதிகூட அசையவில்லை. காலால் மிதித்து, இரண்டு கையாலும் வாசித்து, பின்பாட்டும் அவரே பாடினார். மைக் இல்லாத காலத்தில், திறந்த வெளியில், விடிய விடிய நடக்கிற நாடகத்துக்கு அந்தப் பெட்டி வந்ததில் ஆச்சரியமே இல்லை. பிடில் தோற்றதாக நான் நினைக்கவில்லை. அந்த ராத்திரிக்கு வேண்டியது அதனிடம் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பிடிலில் நாடகப் பாட்டை ஏன் வாசிக்க வேண்டும்?

ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். இந்தச் சுரத்திலிருந்து அந்தச் சுரத்துக்கு நடுவில் உள்ள வழி அதில் கிடையாது. பாடுகிறவர் வாயில் அந்த வழி இருக்கிறது. பெட்டி அதன் இரண்டு முனைகளை மட்டும் தொட்டுக் காட்டும். அழுகைப் பாட்டில் இது பளிச்சென்று தெரியும். "முகாரி பாடாதே" என்று பேச்சிலே சொல்கிறோமே, அந்த முகாரியின் இழைவு சுரத்தில் இருப்பதைவிடச் சுரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. நந்தனாரின் "வருகலாமோ" மாஞ்சி ராகம். பைரவிக்கு ஒட்டினாற்போல் இருப்பது, அதற்கே உரிய சுரக் கோவைகளான பிடிகளும் நெளிவும்தான் அதைத் தனியாகக் காட்டுகின்றன. பிடிலில் விரல் தந்தியை விட்டு எழாமல் நகரலாம். பாடுகிறவர் தொண்டை போகிற வழியிலேயே கூடப் போகலாம்.

வள்ளி கிளி ஓட்டக் கூவுகிற "ஆலோலம்" நல்ல உதாரணம். அது பாதி பாட்டு, பாதி கூவல். வகுப்பில் இதற்கு ஒரே தந்தி, ஒரே விரல். விரல் நுனியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, "ஆ"வில் வைத்து, விரலை எடுக்காமல் "லோ"வரை இழுத்து, "லம்" வரும்போது வில்லின் அழுத்தத்தை மட்டும் குறைக்க வேண்டும். "ம்" உதடு மூடுகிற எழுத்து. ஒலி நிற்கக்கூடாது, மூடிக்கொள்ள வேண்டும். பத்துத் தடவை செய்தால் விரல் நுனியில் தந்தியின் கறுப்புக் கோடு விழும். அந்தக் கோடு நேராக இருந்தால் விரல் தந்தியிலேயே இருந்தது என்று அர்த்தம். பட்டையாகக் கலைந்திருந்தால் நடுவில் எங்கோ எழுந்து குதித்திருக்கிறது.

சுரம் தெரியும், தாளம் தெரியும். ஆனாலும் நான் வாசித்தால் நாடகப் பாட்டு மாதிரி இல்லையே?

சொல்லை வாசிக்கவில்லை என்பதுதான் காரணம். பெரும்பாலும் இதுதான். சுரத்தைப் பார்த்து வாசிப்பவர் ஒவ்வொரு சுரத்துக்கும் வில்லைத் திருப்புவார். கேட்கிறவருக்கு அது கணக்குச் சொல்வது போல இருக்கும்.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. முதலில் அடியை வாயால் சொல்லுங்கள். எங்கே குறில், எங்கே நெடில் என்று பாருங்கள். "வருகலாமோ" என்பதில் வ, ரு, க மூன்றும் குறில். அந்த மூன்றையும் ஒரே வில்லில், லேசாக, தயங்கித் தயங்கி. "லா"வுக்கு வில் திரும்பலாம். "மோ"வில் நீளம் வேண்டும், ஏனென்றால் கேள்வி அங்கேதான் இருக்கிறது. அடுத்து "ஐயா". அதன் பின்னால் ஒரு மூச்சு விடுங்கள். நந்தன் பதிலுக்குக் காத்திருக்கிறான் இல்லையா? அந்த மூச்சை விடாமல் அடுத்த சொல்லுக்கு ஓடினால், கேட்டவன் பதிலே எதிர்பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

வல்லின ஒற்று வந்தால் வில்லைச் சட்டென நிறுத்தி, அதே திசையில் மறுபடி தொடங்குங்கள். மெல்லின ஒற்று வந்தால் நிறுத்தாமல் மெலிதாக்குங்கள். இடையின ஒற்றில் ஒன்றும் செய்ய வேண்டாம், அது தானே வழுக்கிப் போகும். நன்னூலில் படித்த இனப் பிரிவு வில்லுக்கு உதவும் என்று நான் பள்ளிக்கூடத்தில் நினைத்ததே இல்லை.

"யாரோ இவர் யாரோ" என்ற இராம நாடகப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மிதிலையில் கன்னிமாடத்தில் நின்றவரைக் கண்டு எழும் கேள்வி. முதல் "யாரோ"வும் இரண்டாவது "யாரோ"வும் ஒன்றல்ல. முதலில் திகைப்பு, இரண்டாவதில் ஆசை. சுரம் கிட்டத்தட்ட அருகருகே இருந்தாலும் வில்லின் எடை வேறாக இருக்க வேண்டும். கச்சேரியில் இதைப் பைரவியில் கேட்டுக் கேட்டுப் பலருக்கு இது ஒரு காட்சியின் வசனம் என்பதே மறந்துபோய்விட்டது. கவிராயர் காலத்து மெட்டுகள் பலவும் தொலைந்து, பின்னால் வந்த வித்துவான்கள் புதிதாக மெட்டமைத்ததைத்தான் நாம் இன்று வாசிக்கிறோம். மெட்டு மாறினாலும் கேள்வி அதேதான்.

ஆர்மோனியமும் பிடிலும் சேர்ந்து வாசித்தால் எங்கேயோ இடிக்கிறது. ஏன்?

காந்தாரத்தில், அதாவது ச ரி க என்பதில் வரும் "க"வில் இடிக்கும். ஆர்மோனியத்தில் சுரங்கள் சம இடைவெளியில் பிரிக்கப்பட்டவை. பஞ்சமம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். காந்தார வகைகளில் மேலே நிற்கும் அந்தர காந்தாரம் மட்டும் தம்புராவோடு இழையும் காந்தாரத்தைவிடச் சற்றுத் தூக்கலாக நிற்கும். பிடில்காரர் காது தம்புராவுக்குப் பழகியது, விரல் தானாகவே இறங்கி நிற்கும். அதனால் சங்கராபரணம் போன்ற ராகத்தில் பெட்டியோடு வாசிக்கும்போது காந்தாரத்தில் நீண்டு நிற்காதீர்கள். அசைத்து விட்டுவிடுங்கள். சட்ஜமத்திலும் பஞ்சமத்திலும் வேண்டிய மட்டும் நில்லுங்கள்.

"அஞ்சரைக் கட்டை" என்கிறார்களே, பிடிலில் கட்டை எங்கே இருக்கிறது?

பிடிலில் இல்லை, ஆர்மோனியத்தில் இருக்கிறது. சட்ஜமத்தை எந்தக் கட்டையில் வைத்துப் பாடுகிறோமோ அதுதான் சுருதியின் பெயர். வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்றார்கள். மூன்றாம் வெள்ளைக்கும் நாலாம் வெள்ளைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. அதனால்தான் மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஆர்மோனியத்தைச் சபையில் ஏற்காதவர்கள்கூடத் தம்புராவுக்கும் பிடிலுக்கும் சுருதி சொல்லும்போது கட்டைக் கணக்கில்தான் சொல்கிறார்கள். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. தடை தளர முப்பது வருடம் ஆனது. அந்த முப்பது வருடமும் நிலையத்துக்குள் போன பிடில்காரரிடம் "எத்தனை கட்டை?" என்றுதான் கேட்டிருப்பார்கள். பெட்டியை வெளியே நிறுத்தினாலும் அதன் பேச்சு உள்ளே போய்விட்டது. எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு.

கூத்தில் வாசிக்கிற முகவீணை வீணை வகையா?

இல்லை. அது ஊதுகிற வாத்தியம். சின்ன நாகசுரம் போல இருக்கும், வாயில் வைக்கிற நாணல் துண்டான சீவாளி வைத்து ஊதுவார்கள். வடக்கே விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தெருக்கூத்தில் இன்னும் கேட்கலாம். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர், நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாரதர் கையில் வீணை இருக்கிறதே, அதையாவது வாசிப்பார்களா?

நாரதரின் வீணைக்கு மகதி என்று பெயரே உண்டு. மேடையில் அது பெரும்பாலும் அடையாளத்துக்கு மட்டும். தந்தி வாத்தியம் நாரதர் தோளில், ஒலி பெட்டிக்காரர் விரலில்.

வீணை நாடகத்துக்கு ஒத்துவராது, அதன் குரல் மெல்லியது. ஆனால் வீணைக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் உறவு நெருக்கமானது. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் வேண்டும், அதற்குப் பண்ருட்டிப் பலாவைத் தேடி வருவார்கள். குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. மேலே விரல் வைத்துச் சுரம் பிடிக்கிற 24 மெட்டுகள் (பாட்டின் மெட்டு அல்ல, குறுக்குக் கம்பிகள்), மெழுகில் பதித்தவை. பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் குவிந்து கிடக்கும்போது, இதே மரத்தின் கட்டைதான் எங்கோ ஒரு வீட்டில் வீணையாக இருக்கிறது என்று என் மாணவிகளிடம் சொல்வேன். நம்ப மாட்டார்கள், தட்டிப் பார்ப்பார்கள்.

பழங்காலத்தில் நாடகத்துக்கு எந்தத் தந்தி வாத்தியம்?

யாழ். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும்போது வாத்தியங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று இளங்கோவடிகள் சொல்கிறார்: "குழல்வழி நின்றது யாழே, யாழ்வழித் தண்ணுமை நின்றது தகவே". குழல் முன்னே, யாழ் அதன் வழியே, தண்ணுமை யாழின் வழியே. காற்று வாத்தியம் தலைமை, நரம்பு அதைத் தொடர்வது. ஆர்மோனியமும் காற்றால் இயங்குவதுதான். பெரியவர் பெட்டிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்த அந்த ராத்திரி, நான் இருந்ததும் அந்தப் பழைய இடத்திலேதான் என்று இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

யாழில் அடங்காத பாட்டு ஒன்று உண்டாமே?

உண்டு. நாடகப் பாட்டு அல்ல, தேவாரம். ஆனால் இந்தப் பக்கத்தில் பாட்டையும் தந்தியையும் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் போகக்கூடாது. காரைக்காலுக்குப் பக்கத்தில் திருத்தருமபுரம். திருஞானசம்பந்தர் பாடப் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் வாசித்து வந்தார். பாட்டின் அழகு யாழால்தான் என்று யாழ்ப்பாணரின் உறவினர்கள் பேசினார்கள். மனம் நொந்த யாழ்ப்பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடும்படி வேண்டினார். சம்பந்தர் "மாதர் மடப்பிடியும்" என்று தொடங்கினார். யாழ்ப்பாணரால் வாசிக்க முடியவில்லை. யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார், சம்பந்தர் தடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்று பெயர் வந்தது, அங்குள்ள இறைவனும் யாழ்மூரிநாதர்.

வாத்தியம் வாசிக்கிற எவருக்கும் இந்தக் கதை நெஞ்சில் தைக்கும். பெருமையைத் தன் வாத்தியத்துக்கு எடுத்துக்கொள்ள மறுத்தவர் ஒரு வாத்தியக்காரர். காரைக்கால் போகிறவர்கள் அந்தக் கோயிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

பழைய பாட்டுப் புத்தகத்தில் சுரமே இல்லை, "இன்ன பாட்டு மெட்டு" என்று மட்டும் போட்டிருக்கிறது. எப்படி வாசிப்பது?

அதற்கு வர்ணமெட்டு என்று பெயர். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் மெட்டில் புதுச் சொல்லை வைத்துப் பாடுவது. அன்று அந்த மூலப் பாட்டு ஊருக்கே தெரியும், சுரம் எழுத வேண்டியதில்லை. இன்று மூலப் பாட்டே மறந்துபோனால் புத்தகம் ஊமையாகிவிடுகிறது. அப்போது ஒரே வழி, வயதான நடிகரிடமோ பெட்டிக்காரரிடமோ போய்ப் பாடச் சொல்லிக் கேட்பது. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள். என் தாத்தாவிடம் கேட்காமல் விட்ட மெட்டுகள் இருபதுக்கு மேல் அந்தப் புத்தகங்களில் இருக்கின்றன. தலைப்பு இருக்கிறது, சொல் இருக்கிறது, மெட்டு அவரோடு போய்விட்டது.

நாடகப் பாட்டு வாசித்தால் கர்நாடக சங்கீத ஞானம் கெட்டுப்போகாதா?

கெடாது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடை நாடகத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். இராம நாடகப் பாட்டையும் நந்தனார் பாட்டையும் எடுத்துவிட்டால் கச்சேரிகளில் தமிழுக்கு மிச்சம் எவ்வளவு இருக்கும்?

கடலோரத்தில் பிடிலை எப்படிப் பார்த்துக்கொள்வது?

வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். எங்கள் ஊரில் துடைக்காமல் விட்டால் முதல் தந்தி சில வாரங்களில் துருவேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரடை உப்பி இறுகும், வலுவாகத் திருகாதீர்கள். சித்திரை வெயிலில் அதே பிரடை நழுவும், அப்போது கொஞ்சம் சாக்பீஸ் தூள் போதும். வில்லைத் தளர்த்தாமல் பிடில் பெட்டியில் வைக்காதீர்கள்.

எனக்குப் பாட வராது. வாசிக்க மட்டும் கற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. நன்றாகப் பாட வேண்டியதில்லை, சொல் சுத்தமாக வந்தால் போதும். முதல் நாள் வரும்போது பிடில் கொண்டுவர வேண்டாம். "ஆலோலம்" என்று ஒரு தடவை, தினைப்புனத்தின் அந்தக் கோடியில் இருக்கிற கிளிக்குக் கேட்கிற மாதிரி, கூச்சப்படாமல் கூப்பிட்டுக் காட்டுங்கள். எங்கே மூச்சு நீண்டது, எங்கே உதடு மூடியது என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். பிடிலை இரண்டாம் நாள் எடுத்துக்கொள்ளலாம்.